அக்காவின் ஏழு வருடங்களும் பத்து விரல்களும்

என் அக்கா ஒரு நாள் திடீரென்று மேகத்துக்குள் போய்விடுவார், நான் மட்டும் வெள்ளவத்தையில் மிஞ்சிக் கிடப்பேன் என்பது எங்கள் வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். இந்த முடிவோடுதான் பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவர் ஒரு சீ.ஆர். கொப்பி எழுதி வைத்திருக்கிறார். தண்ணீர் மோட்டரை எப்படிப் போடுவது, வீட்டு உறுதிப் பத்திரம் எந்த மேசை லாச்சியில் இருக்கிறது, காஸ் சிலிண்டருக்கு யாரிடம் சொல்ல வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் ஆரம்ப வகுப்புக்குப் படிப்பித்தவரின் கையெழுத்து; ஒரு எழுத்துக்கூடக் கோட்டைத் தாண்டாது. கடைசிப் பக்கத்தில் மட்டும் சிவப்புப் பேனை: "எந்தக் காரணம் கொண்டும் முத்திரையை வாங்காதே. பசி கிடந்தாலும் வாங்காதே." முதல் தடவை அதை வாசித்தபோது வந்த ஆத்திரத்தில் கொப்பியைக் கொண்டுபோய்க் குப்பை வாளிக்குள் போட்டேன். அவர் இன்னொன்று எழுதினார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அக்கா போகிற சபை காலி வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது. அங்கே மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பெனர். இடது பக்கம் ஆதாம், வலது பக்கம் புது எருசலேம், நடுவில் ஏழு வருட உபத்திரவ காலம், சிவப்பு நிறத்தில். அந்தச் சிவப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு அம்புக்குறி மேலே போகிறது. அதுதான் இரகசிய வருகை. விசுவாசிகள் எல்லாரும் அந்த அம்புக்குறியோடு மேலே போய்விடுவார்கள். மற்றவர்கள் கீழே இருந்து அந்திக்கிறிஸ்துவிடம் அகப்பட்டு, நெற்றியிலோ கையிலோ மிருகத்தின் முத்திரையை வாங்குவதா, பட்டினி கிடந்து சாவதா என்று முழிக்க வேண்டும். அந்த மற்றவர்களில் முதலாவது ஆள் நான்.

இரண்டாவது ஆள் என் கணவர். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். சபையின் பாஸ்டர் சொல்கிற கணக்கில் கடைசிக் காலத்துப் பாபிலோன் என்பது கத்தோலிக்க சபைதான். அக்கா இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவருக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுகிறார். "பாபிலோனுக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடுங்கோ," என்று அவர் கோப்பையை நீட்டுவார். அக்காவும் சிரித்துக்கொண்டு விடுவார். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

தம்பி மூன்றாவது ஆளாக இருந்திருந்தால் வீட்டில் நிம்மதி இருந்திருக்கும். அவன் கனடாவில் இருக்கிறான், இருந்தான். அவனும் அக்காவைப்போல வேதத்தைக் கரைத்துக் குடித்தவன். ஆனால் அங்கே அவன் சேர்ந்த சபையின் கணக்கு வேறு. விசுவாசிகளை முன்கூட்டி யாரும் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை, ஏழு வருடத்தையும் பட்டுக் கடந்துதான் போக வேண்டும், அதன் பிறகுதான் ஆண்டவர் வருவார் என்பது அவனுடைய கட்சி. அதற்காக வீட்டின் நிலக்கீழ் அறையில் தகரத்தில் அடைத்த மீனும் பருப்பும் தண்ணீர்ப் போத்தலும் அடுக்கி வைத்திருந்தான். ஒரே வேதம், ஒரே ஆண்டவர், ஒரே தாய் வயிறு. அம்பு மட்டும் சிவப்புக்கு முன்னாலா பின்னாலா என்பதில் இருவரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் அம்மாவும் அப்பாவும் போன பழைய மிஷன் கல்லுக் கோயிலில் இதைப்பற்றி யாரும் வாய் திறந்ததே இல்லை. வாய் திறந்திருந்தால் இவர்கள் வேறு இடம் தேடிப் போயிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

கொரோனாக் காலத்தில் தொடங்கிய குடும்ப ஜெபம் ஒவ்வொரு ஞாயிறும் சூமில் நடந்தது. பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடத்தில்தான் அது உடைந்தது. காஸ் இல்லாமல் அக்கா பின் வளவில் மூன்று கல்லு வைத்து விறகில் சமைத்துக்கொண்டிருந்தார். பெற்றோலுக்குக் கியூ.ஆர். வந்தபோது பாஸ்டர் அதையும் முத்திரைக்கு முன்னோடி என்று சொல்லிவிட, என் கணவர் தன் போனில் அதை எடுத்து வைத்ததற்காக அக்கா இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த ஞாயிறு தம்பி திரையில் வந்து, "பாத்தீங்களா அக்கா, நான் சொன்னனான் தானே? நாங்கள் இதுக்குள்ளால போய்த்தான் ஆகோணும். இப்பவே சாமான் வாங்கி வையுங்கோ," என்றான்.

அக்காவின் கண் புகையில் சிவந்திருந்தது. "நீ ஏ.சி.க்குள்ள இருந்துகொண்டு எனக்கு உபத்திரவம் படிப்பிக்கிறியோ?" என்றார். "இது வெறும் தொடக்கம். சபை அதுக்கு முதலே போயிடும். உன்ர போதகர் உன்னைப் பயப்பிடுத்தி வச்சிருக்கிறார்."

"உங்கட பாஸ்டர் உங்களைப் பேய்க்காட்டி ஏமாத்தி வச்சிருக்கிறார்," என்றான் தம்பி.

அக்கா லப்டொப்பை மூடினார். அம்மா செத்தபோது தம்பிக்கு நாலு வயது, அக்காவுக்குப் பதினேழு. பல்லுத் தீட்டிவிட்டதும், காய்ச்சலுக்கு மடியில் கிடத்தியதும், கலியாணம் வேண்டாம் என்று சொன்னதும் எல்லாம் அவனுக்காக. அப்படிப்பட்டவர் ஒரு அம்புக்குறிக்காக மூன்று வருடம் அவனோடு பேசவில்லை. அவனும் பேசவில்லை. இருவரும் என்னிடம் தனித்தனியாக வசனங்களை அனுப்பி, மற்றவருக்குக் காட்டச் சொன்னார்கள். நான் ஒன்றையும் காட்டவில்லை.

போன வருடம் தம்பியின் மனைவி போன் எடுத்தாள். கணையத்தில் புற்றுநோய். வைத்தியர்கள் மாதக் கணக்குத்தான் சொல்கிறார்கள். "அக்காவை ஒருக்கா வரச் சொல்லுங்கோ எண்டு கேக்கிறார்," என்றாள்.

நான் சொன்னதும் அக்கா குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு எழும்பி, அன்று பின்னேரமே அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கித் துடைத்தார். ஒரு போனாவது எடுங்கள் என்றதற்கு, "போனில கோவிச்சது போனில தீராது. முகத்தைப் பாத்துக் கதைப்பன்," என்றார். சரி என்று இருவருக்கும் சேர்த்து விசாவுக்கு விண்ணப்பித்தேன். விரலடையாளம் கொடுக்க வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

"பத்து விரலுமோ?" என்று கேட்டார்.

"ஓம், பத்தும்தான். எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"எல்லாருக்கும் எண்டுதான் அதில எழுதியிருக்கு," என்றார் அக்கா. அவர் சொன்னது கடிதத்தை அல்ல, வேதத்தின் கடைசிப் புத்தகத்தை. "நான் கை வைக்கமாட்டன்."

என் வாழ்க்கையில் நான் யாரையும் அடித்ததில்லை. அன்று அடித்திருப்பேன்.

முதலில் பாஸ்டரிடம் போனேன். துணிக்கடைப் படியால் ஏறி, அந்தப் பெனருக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, ஒரு வரி எழுதித் தாருங்கள், விசாவுக்கு விரல் வைப்பது முத்திரை அல்ல என்று மட்டும் எழுதுங்கள் என்று கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர். பிளேன்டீ தந்தார். "சிஸ்டர், இதுதான் முத்திரை எண்டு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. முத்திரைக்கு ஆயத்தம் எண்டுதான் சொன்னனான்," என்றார். ஆயத்தத்துக்கும் முத்திரைக்கும் வித்தியாசம் உண்டா என்று கேட்டேன். அவரவர் ஆவியானவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும் என்றார். அவர் தலைக்கு மேலே ஒரு படம் தொங்கியது: பனியில் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு அவர், பின்னால் ஏதோ வெளிநாட்டு மகாநாட்டு மண்டபம்.

"இதுக்குப் போகேக்க நீங்கள் கை வைக்கேல்லையோ பாஸ்டர்?"

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அது ஊழியத்துக்காகப் போனது," என்றார்.

இதை அப்படியே வந்து அக்காவிடம் சொன்னேன். பெரிய வெடியைக் கொளுத்திப் போட்டதாக எனக்கு நினைப்பு. "அவருக்கு அழைப்பு இருக்கு. எனக்கு இல்லை," என்று சொல்லிவிட்டு அவர் கீரை ஆயத் தொடங்கினார்.

அடுத்ததாக என் கணவர் தங்கள் பங்குச் சுவாமியாரிடம் கேட்போம் என்றார். கொட்டாஞ்சேனையில் கோயில் திருவிழா நேரம். ஒலிபெருக்கி அலற, வீதி முழுக்கக் கச்சான் கடை. அந்தச் சத்தத்துக்குள் சுவாமியார் எனக்கு முக்கால் மணி நேரம் ரோமாபுரிச் சரித்திரம் படிப்பித்தார். மிருகம் என்பது அந்தக் காலத்து ரோமச் சக்கரவர்த்தி, அந்த இலக்கம் அவனுடைய பேரைத்தான் மறைத்துச் சொல்கிறது, ஏழு வருடம் என்றெல்லாம் கணக்குப் பார்க்கக்கூடாது, ஆண்டவர் ஒரு தடவைதான் வருவார், அதுவரை நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்க வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் பாபிலோனுக்குள்ளேயே போய் மிருகத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவிடம் அதைச் சொல்லக்கூட இல்லை.

"நீர் ஏன் இப்பிடி ஓடித் திரியிறீர்?" என்றார் என் கணவர். "அவவுக்கு என்ன பயம் எண்டு கேட்டீரோ?"

கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. தம்பிக்கு இரண்டாவது தடவை மருந்து ஏற்றினார்கள். அவன் மனைவி அனுப்பிய படத்தில் அவன் கன்னம் உள்ளே போயிருந்தது. நான் அதைக் காட்ட, அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார். "பிள்ளை நல்லா இளைச்சுப் போச்சு," என்றார். விரல் வைக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமைக் காலை எனக்குப் பொறுமை முற்றாக விட்டுப்போனது. நான் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மேசையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சபையில் கொடுத்த அந்தப் பெனரின் சின்னப் பிரதி ஒன்று எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. மீன் கையோடேயே போய் அதைக் கிழித்து எடுத்து அவர் முன்னால் போட்டேன்.

"இதில காட்டுங்கோ. முத்திரை எங்க இருக்கு?"

"சிவப்புக்குள்ள."

"அம்பு எங்க?"

"அதுக்கு முதல்."

"அப்ப முத்திரை வரேக்க நீங்கள் எங்க நிப்பீங்கள்?"

அவர் தேங்காய்ப் பாதியைத் திருப்பிப் பிடித்துத் துருவினார்.

"மேல நிப்பீங்கள். உங்கட கணக்குப்படி அந்த முத்திரையை வாங்க நீங்கள் நினைச்சாலும் ஏலாது. நீங்கள் இஞ்ச இருக்கிற வரைக்கும் அது வராது. பிறகு என்ன கோதாரிக்குப் பயப்பிடுறீங்கள்? தம்பியின்ர கணக்குப்படி எண்டால் பயப்பிடலாம். அவன்தான் நாங்கள் எல்லாரும் அதுக்குள்ளால போகோணும் எண்டவன். உங்களுக்கு ஏன் பயம்?"

வாதத்தில் வென்றுவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் சூடாக இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது. பத்து வருடமாக என்னைக் கீழே விட்டுவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தவரை ஒரு தடவை மடக்கிவிட்டேன்.

அக்கா தேங்காயைக் கீழே வைத்தார். படத்தில் பட்டிருந்த மீன் செதிலை நகத்தால் எடுத்தார். "அவன் சொன்னது சரியா இருந்தால்?" என்றார், மெல்ல. "மூண்டு வருசமா அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். அண்டைக்கு அவன் சொல்லேக்க எனக்கு நெஞ்சு பக்கெண்டது. அதாலதான் லப்டொப்பை மூடினனான்."

கோபித்துக்கொண்டு மூடியதாக நானும் நினைத்தேன், தம்பியும் நினைத்தான். பயந்து மூடியிருக்கிறார். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடமும், ஒரு பாஸ்டரும், ஒரு சுவாமியாரும், ஒரு பாரை மீனும் தேவைப்பட்டிருக்கிறது. என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் சபைக்குப் போகிற வெள்ளைச் சேலையைக் கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் இருந்தார். "எத்தனை மணிக்குப் போகோணும்?" என்றார். தம்பிக்காக முத்திரையையே வாங்கத் துணிந்தவராக, முகம் வெளுத்துப்போய்.

விசா நிலையத்தில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இவ்வளவு பாடு பட்டுக் கூட்டிக்கொண்டு போனால், இயந்திரம் அவருடைய விரலை எடுக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் சோக்குக்கட்டி பிடித்ததோ, வயதோ, ரேகை தேய்ந்துபோயிருந்தது. கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளை ஈரத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, "தவ பாரக் அன்ட்டி, தவ பாரக்," என்று திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னாள். நான் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இதையே ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவாரோ என்று பயம். அவர் எழும்பவில்லை. ஆறாவது தடவை தானாகவே விரலை அழுத்தினார், நகம் வெளுக்கும் அளவுக்கு. விளக்குப் பச்சையாக மாறியது. நான் வைத்தபோது முதல் தடவையிலேயே எடுத்துவிட்டது.

விசா அவருக்குக் கிடைத்தது. எனக்கு மறுத்துவிட்டார்கள். திரும்பி வர மாட்டேன் என்று நினைத்தார்களாம்.

அவரைத் தனியாக அனுப்பினேன். போன மூன்றாம் நாள், இங்கே காலை, அங்கே இரவு, வீடியோவில் எடுத்தேன். இருவரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்து நான் முன்கூட்டியே கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தேன். தம்பி கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தான். அவன் காலடியில் அக்கா. நடுவில் இரண்டு வேதப் புத்தகம், விரித்தபடி. என்னைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் என்னிடம் நியாயம் கேட்டார்கள்.

"இவ சொல்லுறா இரண்டு வருகையாம். ஒண்டு இரகசியமாம். எக்காளம் ஊதிப்போட்டு ஆரும் இரகசியமா வருவினமோ?" என்றான் அவன், மூச்சு வாங்க.

"அவன் கீழ அடுக்கி வச்சிருக்கிற ரின்னில பாதி காலம் முடிஞ்சு போச்சு," என்றார் அக்கா. "உபத்திரவம் வர முதல் இவன் வயித்தோட்டத்தில போயிடுவான்."

அவன் சிரித்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் போனைத் திருப்பி வைத்துவிட்டேன், இவர்களோடு என்னால் முடியாது என்று. கைக்குட்டை தேவைப்பட்டது வேறு விஷயம்.

அவன் ஏழு வாரம் இருந்தான். அக்கா அடக்கமும் முடிந்து, பனி தொடங்க முன்னம் திரும்பி வந்தார். வந்த அடுத்த ஞாயிறே துணிக்கடைப் படியேறிச் சபைக்குப் போனார். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு, இருவரும் ஹாலில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கடைசியில் அவன் என்ன கதைத்தான் என்று கேட்டேன்.

"கடைசிக் கிழமை நோ தாங்கேலாமப் போச்சு அவனுக்கு," என்றார் அக்கா. "மருந்துக்கும் அடங்கேல்லை. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, 'அக்கா, நீங்கள் சொன்னதுதானே சரி? கஷ்டத்துக்கு முதலே எடுத்துப்போடுவார் தானே?' எண்டு கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஓம் ராசா, முதலே எடுத்திடுவார் எண்டு சொன்னன்."

நல்லது, கடைசியில் நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் என் கணவரின் சேர்ட் ஒன்றை மடித்து, திரும்ப உதறி, திரும்ப மடித்தார்.

"நாலு வயசில இருந்து அவனுக்கு நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை," என்றார். "அவன் பட்ட பாட்டைப் பாத்த பிறகு, ஒருத்தரையும் முதலே எடுக்கிறேல்லை எண்டு எனக்கு விளங்கிப்போச்சு. அவன் சொன்னதுதான் சரி. அதை நான் அவனுக்குச் சொல்லேல்லை."